சிறுவர்களுக்குச் செய்முறை அறிவியல்: மாணவத் தன்னார்வலர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு அறிவியல் சொல்லித்தர ஒரு மாணவர் குழு கிளம்பும்போது முதல் கூட்டத்தில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "என்ன செய்து காட்டலாம்?" நுரை பொங்கும் எரிமலை, நிறம் மாறும் திரவம், தானாக ஊதிக்கொள்ளும் பலூன் என்று பட்டியல் நீளும். நிகழ்ச்சி நடக்கும், குழந்தைகள் கைதட்டுவார்கள், புகைப்படங்களும் அழகாக வரும். மறுநாள் ஒரு சிறுமியிடம் "நேற்று என்ன பார்த்தாய்?" என்று கேட்டால், "அண்ணா மேஜிக் செய்தார்" என்பாள். அத்தனை பேரின் உழைப்பும் அந்த ஒரு பதிலில் கரைந்துவிடும்.

ஆகவே இந்த வழிகாட்டி வேறொரு கேள்வியில் தொடங்குகிறது: குழந்தைகளை என்ன செய்யவிடலாம்? பொருள் குழந்தையின் கையில் இருக்க வேண்டும். என்ன நடக்கும் என்று அந்தக் குழந்தையே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். நடந்ததைப் பற்றி அந்தக் குழந்தையே பேச வேண்டும். இம்மூன்றும் அமைந்துவிட்டால் ஒரு நூலும் கல்லும் போதும். அமையாவிட்டால் எவ்வளவு நல்ல கருவியும் வேடிக்கைப் பொருளாகவே நின்றுவிடும். 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: முதலில் வகுப்பாசிரியரைப் பாருங்கள்

ஆசிரியரைச் சந்திக்காமல் எதையும் திட்டமிடாதீர்கள். எத்தனை குழந்தைகள், என்ன வயது, மேசைகளை நகர்த்த முடியுமா, அறைக்குள் தண்ணீர் வசதி உண்டா, யாருக்காவது ஒவ்வாமை இருக்கிறதா, தனிக் கவனம் தேவைப்படும் குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பு நடக்கும்போது ஆசிரியர் அறையில் இருப்பார் என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள். குழந்தைகளை அமைதிப்படுத்துவதற்காக மட்டும் அல்ல. நீங்கள் போன பிறகு அந்தக் கேள்விகளை வளர்த்துச் செல்லப்போகிறவர் அவர்தான்.

வயது உண்மையிலேயே முக்கியம். உளவியலாளர் ழான் பியாஜே காட்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு ஒரே மாதிரிக் குவளைகளில் சம அளவு தண்ணீர் வைத்து, ஒன்றிலுள்ள தண்ணீரை உயரமான, ஒடுங்கிய குவளைக்கு மாற்றினால், ஐந்து வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் உயரமான குவளையில்தான் தண்ணீர் அதிகம் என்பார்கள். அந்தக் குழந்தையிடம் போய் அடர்த்திக்குச் சூத்திரம் சொல்வதில் பொருளில்லை. ஆறு, ஏழு வயதில் தொடுவது, பிரிப்பது, அடுக்குவது, பெயரிடுவது நன்றாக நடக்கும்: எது மிதக்கும், எது மூழ்கும், காந்தம் எதை இழுக்கும், நிழல் எப்போது நீளும். எட்டு, ஒன்பது வயதில் அளக்கத் தொடங்கலாம். பத்து வயதுக்கு மேல்தான் "மற்றதையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம்" என்னும் முறை நன்றாகப் பிடிபடுகிறது.

படி 2: ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு கேள்வி

"காற்று", "மின்சாரம்", "ஒளி" என்று தலைப்பு வைக்காதீர்கள். தலைப்பு வைத்தால் சொற்பொழிவு தானாக வந்துவிடும். குழந்தை கையால் விடை தேடக்கூடிய கேள்வியாக வையுங்கள்:

"உருண்டையாக இருந்தால் மூழ்கும் களிமண்ணை மிதக்கவைக்க முடியுமா?"
"கனமான ஊசல் வேகமாக ஆடுமா, இலேசான ஊசலா?"
"ஒரு கம்பி, ஒரு பேட்டரி, ஒரு பல்பு. விளக்கை எரியவைக்க எத்தனை வழிகள் இருக்கின்றன?"
"காகிதப் பம்பரத்தின் இறக்கையை நீளமாக்கினால் அது இன்னும் மெதுவாக இறங்குமா?"

நல்ல கேள்வியை அடையாளம் காண மூன்று சோதனைகள் போதும். குழந்தைக்கு அதைப் பற்றி ஏற்கெனவே ஓர் ஊகம் இருக்க வேண்டும். அந்த ஊகம் தவறாகப் போக வாய்ப்பிருக்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்குள் பலமுறை செய்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். எரிமலைச் சோதனை மூன்றாவதில் தோற்றுவிடுகிறது: ஒருமுறை பொங்கியதும் முடிந்துவிடும், மிஞ்சுவது துடைக்கும் வேலைதான்.

ஊசல் இந்த மூன்றிலும் தேறும், அதனால் எனக்கு அது மிகவும் பிடித்த பாடம். கனமான குண்டுதான் வேகமாக ஆடும் என்று வகுப்பில் பெரும்பகுதி கை தூக்கும். தொங்கவிட்ட புள்ளியிலிருந்து குண்டின் நடுப்பகுதி வரை 25 செ.மீ. இருக்குமாறு கட்டி, சிறிதளவு மட்டும் இழுத்துவிட்டுப் பத்து அலைவுகளை (போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு) எண்ணச் சொல்லுங்கள். சுமார் 10 விநாடி ஆகும். குண்டாகக் கட்டிய ஒரு இரும்பு வளையத்துக்குப் பதில் மூன்று வளையங்களைத் தொங்கவிட்டாலும் அதே 10 விநாடிதான். நம்பாமல் மறுபடி எண்ணுவார்கள், எண்ணட்டும். பிறகு நூலை ஒரு மீட்டராக்கினால் பத்து அலைவுகளுக்குச் சுமார் 20 விநாடி ஆகும். நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குதான் ஆகிறது என்பதைப் பெரிய குழந்தைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்று வளையங்களைக் கட்டும்போது ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடாமல் ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டுங்கள். இல்லையென்றால் எடையோடு நீளமும் மாறிவிடும், விடையும் குழம்பிவிடும்.

படி 3: விளக்கத்தை நீங்களே சந்தேகியுங்கள்

தன்னார்வலர்கள் மிகக் குறைவாக நேரம் செலவிடும் படி இது. நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய படியும் இதுதான். இணையத்தில் கிடைக்கும் பிரபலமான சோதனைகள் பலவற்றில் செய்முறை சரியாக இருக்கும், விளக்கம் தவறாக இருக்கும்.

தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே மெழுகுவத்தி ஏற்றி, கண்ணாடிக் குவளையைக் கவிழ்க்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சுடர் அணையும், தண்ணீர் குவளைக்குள் ஏறும். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். உற்றுக் கவனித்தால் இந்த விளக்கம் நிற்காது. சுடர் எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் அதிகம் ஏறுவதில்லை. அணைந்த பிறகுதான் சரசரவென்று ஏறுகிறது. குவளையைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழிகள் வெளியேறுவதையும் சில சமயம் பார்க்கலாம். அதே குவளைக்குள் ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவத்திகள் வைத்தால் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். குவளையில் இருக்கும் ஆக்சிஜன் அளவு மாறவில்லையே! உண்மையில் நடப்பது இதுதான்: சுடரின் வெப்பத்தால் விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, எரிந்ததால் உண்டான நீராவியும் குளிர்ந்து நீராகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுவதும் தீருவதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. செலவான ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகிறது.

எனவே ஒவ்வொரு சோதனைக்கும் குழுவில் ஒருவர் எதிர்வழக்காட வேண்டும். "அது எப்படித் தெரியும்? வேறு காரணம் இருக்கக் கூடாதா? இந்த விளக்கம் சரியென்றால் வேறு என்ன நடக்க வேண்டும்?" என்று அவர் குடைந்துகொண்டே இருக்கட்டும். அவர் கேட்பதற்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் அந்த விளக்கத்தைக் குழந்தைகளிடம் சொல்லாதீர்கள். பாடநூலைப் பாருங்கள், உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள், சோதனையை மாற்றிச் செய்து பாருங்கள்.

படி 4: பாதுகாப்பில் சலுகை கிடையாது

சில பொருள்களைப் பையில் எடுத்துவைக்கவே கூடாது. காசு வடிவிலுள்ள பொத்தான் பேட்டரி முதல் எதிரி. குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். சின்னஞ்சிறு வலுவான நியோடிமியம் காந்தங்களும் அப்படியே: இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, குடலைத் துளைத்துவிடும் அபாயம் உண்டு. ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் சிறு குழந்தையின் மூச்சுக்குழலை அடைக்கும். பலூன் தேவையென்றால் பெரியவர் ஊதி, துண்டுகளை உடனே எடுத்துவிட வேண்டும். ஸ்பிரிட், மெத்தனால் போன்ற எரியும் திரவங்களைக் கொண்டு வண்ணச் சுடர் காட்டுவதை அடியோடு விட்டுவிடுங்கள். பாட்டிலிலிருந்து மேலும் ஊற்றப் போய் ஆவி தீப்பிடித்து, மாணவர்கள் கடுமையான தீக்காயம் அடைந்த விபத்துகள் வகுப்பறைகளில் நடந்திருக்கின்றன. சுவரிலுள்ள மின்சாரத்தைத் தொடும் எதுவும் வேண்டாம், 1.5 வோல்ட் பேட்டரிகள் போதும். லென்ஸ் கொடுத்தால், அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள்.

தீ தேவைப்படும் ஒன்றிரண்டு காட்சிகளை மட்டும் பெரியவர் செய்து காட்டலாம். மெழுகுவத்தியை அணைத்ததும் எழும் வெண்புகையில், திரியிலிருந்து இரண்டு செ.மீ. மேலே தீக்குச்சியைப் பிடித்தால் சுடர் புகைவழியே தாவி இறங்கித் திரியைப் பற்றவைக்கும். எரிவது திரியல்ல, மெழுகின் ஆவி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்கு மெழுகுவத்தியைப் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவுகளிலும் இதைச் செய்து காட்டினார். காற்று வீசாத இடம், கட்டிய கூந்தல், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், குழந்தைகளுக்கும் மேசைக்கும் நடுவே நல்ல இடைவெளி ஆகியவை இருந்தால் மட்டும்.

இன்னொரு வகைப் பாதுகாப்பையும் இதே கண்டிப்போடு பாருங்கள். எந்தத் தன்னார்வலரும் எந்தக் குழந்தையோடும் தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது. பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் புகைப்படம் வேண்டாம். குழந்தைகளின் தொலைபேசி எண்களை வாங்கவோ, உங்கள் எண்ணைக் கொடுக்கவோ கூடாது. குழந்தை ஏதேனும் மனவருத்தமான விஷயத்தைச் சொன்னால் நீங்களே தீர்க்க முயலாமல் அன்றே ஆசிரியரிடமோ தலைமையாசிரியரிடமோ தெரிவியுங்கள்.

படி 5: பைகளும் ஒத்திகையும்

நான்கைந்து குழந்தைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்பது நல்ல கணக்கு. இரண்டு குழந்தைகளுக்கு ஒரு பொருள் தொகுப்பு கொடுங்கள். நால்வருக்கு ஒன்று என்றால் ஒருவர் செய்வார், ஒருவர் உதவுவார், மற்ற இருவரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தொகுப்பையும் தனிப் பையில் போட்டு, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று எழுதி ஒட்டிவிடுங்கள். வகுப்பு முடிந்ததும் குழந்தைகளே அதைப் பார்த்து எண்ணிப் பையில் போட்டுவிடுவார்கள். உடையக்கூடியவை, கசியக்கூடியவை, தொலையக்கூடியவை எல்லாம் கூடுதலாக இருக்கட்டும். பேட்டரிகளை முந்தைய நாளே சோதித்துவிடுங்கள்.

ஒத்திகையைக் குழுவுக்குள்ளேயே முடித்துக்கொள்ளாதீர்கள். உறவிலோ அக்கம்பக்கத்திலோ அதே வயதுக் குழந்தை ஒன்று இருக்கும். பெற்றோர் முன்னிலையில் அந்தக் குழந்தையிடம் பொருள்களைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பாருங்கள். நீங்கள் இரண்டு நிமிடம் என்று கணக்குப் போட்ட முடிச்சுக்கு அவளுக்கு ஏழு நிமிடம் ஆகும். கத்தரிக்கோல் அவள் விரலுக்குப் பெரிதாக இருக்கும். இதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.

படி 6: வகுப்பை நடத்துவது

பல்பு வகுப்பை வைத்தே சொல்கிறேன். ஒரு டார்ச் பல்பு, 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, இரு முனைகளிலும் மேலுறை நீக்கிய ஒரு சாண் நீளக் கம்பி. பல்புக்கான தாங்கியைத் தராதீர்கள்; அது இருந்தால் குழந்தை கண்டுபிடிக்க எதுவும் மிச்சமிருக்காது. இழை உள்ள பழைய டார்ச் பல்பு கிடைக்காவிட்டால் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து வெள்ளை எல்.இ.டி. பயன்படுத்தலாம். அது ஒரு திசையில் இணைத்தால் மட்டுமே எரியும், ஆகவே பாடம் சற்று வேறுவிதமாகப் போகும்.

பையைத் திறக்கும் முன் ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள்: "இவை மூன்றையும் எப்படிச் சேர்த்தால் எரியும் என்று நினைக்கிறாய்?" வரைந்த பிறகு அழிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. பெரும்பாலான படங்களில் பேட்டரியின் ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கம்பி கிளம்பி, பல்பின் அடிநுனியைத் தொட்டு நிற்கும். குழாயில் தண்ணீர் வருவது போல மின்சாரம் பல்புக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்ற எண்ணம் அந்தப் படத்தில் அப்படியே இருக்கிறது. குழந்தைகள் மட்டுமல்ல, 1990களில் புகழ்பெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டமளிப்பு அங்கியோடு நின்றவர்களிடம் இதே பொருள்களைக் கொடுத்தபோது சிலர் இதே இடத்தில் தடுமாறியது படமாகவே பதிவாகியிருக்கிறது.

இனி பைகளைத் திறக்கட்டும். தன்னார்வலர்கள் எல்லோரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். உண்மையாகவே கட்டிக்கொள்ளுங்கள், இதை உருவகமாகச் சொல்லவில்லை. குழந்தை தடுமாறும்போது உங்கள் கை தானாக நீளும். கம்பியை வாங்கி "இப்படி வை" என்று ஒருமுறை காட்டிவிட்டால் அந்தக் குழந்தையின் தேடல் அங்கேயே நின்றுவிடும். ஒரு சிறுவன் பல்பின் நுனியைப் பேட்டரியில் வைத்து அழுத்துவான், எரியாது. கம்பியை நுனியிலேயே இன்னொரு பக்கம் வைத்துப் பார்ப்பான், எரியாது. பேட்டரியைத் திருப்பிப் போடுவான். பிறகு கம்பி வழுக்கிப் பல்பின் பக்கவாட்டு உலோகத்தில் படும்போது ஒரு கணம் மின்னும். என்ன செய்தோம் என்று அவனுக்கே தெரியாது. அந்த மின்னலை மறுபடி வரவழைக்க அவன் படும் பாடுதான் இந்த வகுப்பின் உச்சம். குறுக்கே போகாதீர்கள்.

குழந்தை கம்பியின் இரு முனைகளையும் பேட்டரியின் இரு முனைகளிலும் நேராக வைத்தால் மட்டும் தலையிடுங்கள். கம்பி சூடாகும், உடனே எடுக்கச் சொல்லிவிட்டு, "ஏன் சுட்டது?" என்று கேளுங்கள்.

கேட்ட பிறகு காத்திருங்கள். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அளந்து காட்டினார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, வாயே திறக்காத குழந்தைகளும் பேசினார்கள், குழந்தைகள் திரும்பக் கேள்வி கேட்பதும் கூடியது. மூன்று விநாடி மௌனம் நின்றுகொண்டிருப்பவருக்கு நீண்ட நேரமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் "சரி", "தவறு" என்று தீர்ப்பளிக்காமல், "அப்படித்தான் என்று எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். சரியான பதிலுக்கும் அதையே கேளுங்கள். தவறுக்கு மட்டும் கேட்டால் அந்தக் கேள்வியே தவறு என்பதற்கான அடையாளமாகிவிடும்.

எரிந்த வழிகளையும் எரியாத வழிகளையும் கரும்பலகையில் இரு பக்கமாகக் குழந்தைகளே வந்து வரையட்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, பல்பில் தொட வேண்டிய இடங்கள் இரண்டு, பேட்டரியிலும் இரண்டு, எல்லாம் சேர்ந்து ஒரு வளையமாக மூட வேண்டும் என்பது அவர்கள் வாயிலிருந்தே வரும். "மின்சுற்று" என்ற சொல்லை அதற்குப் பிறகு கொடுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் எழுதுவதற்கு. இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஷர்பாக் 1996இல் பிரான்ஸின் தொடக்கப் பள்ளிகளுக்காகத் தொடங்கிவைத்த செய்முறை அறிவியல் இயக்கத்தில், குழந்தை தன் சொந்தச் சொற்களில் எழுதும் சோதனைக் குறிப்பேட்டுக்கு முக்கிய இடம் கொடுத்தார்கள். நான் என்ன நினைத்தேன், என்ன செய்தேன், என்ன நடந்தது, இன்னும் என்ன தெரிய வேண்டும்: நான்கு வரி போதும். எழுத வராதவர்கள் வரையட்டும். எழுத்துப் பிழைகளைத் திருத்தாதீர்கள்.

படி 7: வகுப்பறையில் எழும் சிக்கல்கள்

ஒவ்வொரு மேசையிலும் பொருளைப் பறித்துக்கொள்ளும் ஒரு குழந்தை உண்டு. பல இடங்களில் சிறுவர்கள் செய்ய, சிறுமிகள் குறிப்பெழுதுவதாகவே முடியும். அறிவுரை சொல்லிப் பயனில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து, செய்பவரும் எழுதுபவரும் இடம் மாற வேண்டும் என்று முதலிலேயே விதியாக்கிவிடுங்கள்.

சோதனை எதிர்பார்த்தபடி வராவிட்டால் "வந்திருக்க வேண்டியது இது" என்று சொல்லி மூடாதீர்கள். ஒரு மேசையின் ஊசல் மட்டும் 13 விநாடி எடுத்துக்கொண்டதா? நூலை அளக்கச் சொல்லுங்கள். முடிச்சு நழுவி நூல் நீண்டிருக்கலாம், எண்ணும்போது மூன்று அலைவுகள் கூடியிருக்கலாம். காரணத்தைத் தேடுவதும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

உங்களுக்கு விடை தெரியாத கேள்வியை யாராவது கேட்பார்கள். "எனக்குத் தெரியாது. எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று சொல்லிவிட்டு, அந்தக் கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் கேட்டவரின் பெயரோடு எழுதுங்கள். அடுத்த முறை வரும்போது மறக்காமல் அதற்குப் பதிலோ, அதைச் சோதிக்கும் ஒரு வழியோ கொண்டுவாருங்கள். கொண்டுவராவிட்டால் அடுத்த வாரம் கேள்விகள் குறைந்துவிடும்.

படி 8: வகுப்புக்குப் பிறகு

"பிடித்திருந்ததா?" என்று கேட்டால் எல்லாக் குழந்தைகளும் ஆம் என்றுதான் சொல்வார்கள். அதைவிடப் பயனுள்ளது, வகுப்பின் தொடக்கத்தில் வரையச் சொன்ன அதே படத்தை ஒரு வாரம் கழித்து ஆசிரியரிடம் சொல்லி மறுபடி வரையச் செய்வது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒற்றைக் கம்பி இன்னும் ஒற்றைக் கம்பியாகவே இருந்தால் குறை குழந்தையிடம் இல்லை. வகுப்பின் எந்த இடத்தில் நீங்கள் அவசரப்பட்டீர்கள் என்று தேடுங்கள்.

அன்றே, களைப்போடு இருந்தாலும், குழுவாக அரை மணி நேரம் உட்காருங்கள். எந்தக் கேள்விக்குப் பேச்சு சூடுபிடித்தது, எந்தப் பொருள் தொல்லை தந்தது, எந்தக் குழந்தையிடம் யாரும் போகவில்லை என்று ஒரே குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். மாணவர் குழுக்கள் ஆண்டுதோறும் மாறும். படிப்பு முடிந்து போகிறவர்கள் இதை எழுதிவைக்காமல் போனால் புதிதாக வருகிறவர்கள் எரிமலையிலிருந்துதான் மறுபடி தொடங்குவார்கள்.

கூடுமானால் ஒரே பள்ளிக்கு, ஒரே குழந்தைகளிடம், மாதம் ஒருமுறையாவது திரும்பப் போங்கள். பத்துப் பள்ளிகளுக்கு ஒருமுறை போவதைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். இரண்டாவது முறை போகும்போது குழந்தைகளுக்கு உங்கள் பெயர் தெரியும். தவறாகச் சொன்னால் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்பதும் தெரிந்திருக்கும். பொருள் பைகளில் ஒன்றிரண்டைப் பள்ளியிலேயே விட்டு வாருங்கள், அவற்றை எப்படி வைத்துக்கொள்வது, பேட்டரி தீர்ந்தால் என்ன வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள்.